மார்ஜின் என்பது விலையல்ல, பிணை

போன தீபாவளிக்கு மறுநாள் என் தம்பி மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முறுக்கையும் காபியையும் முடித்துவிட்டு, "பெரியப்பா, ஒரு பத்து நிமிஷம் குடுங்க, ஒண்ணு காட்டணும்" என்றான். பத்து நிமிஷம் கேட்பவர்கள் பணம் கேட்கப் போகிறார்கள் என்பது என் அனுபவம். அன்றும் அது பொய்க்கவில்லை.

அவன் காட்டியது ஒரு கோட்டுப் படம். இடது பக்கம் 10 லட்சம், வலது பக்கம் 1 கோடியே 12 லட்சம். 2018-லிருந்து 2024 வரை நிஃப்டி பியூச்சர்ஸில் அவன் கண்டுபிடித்த உத்திப்படி வாங்கி விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகை அது. இப்படிப் பழைய விலைகளை வைத்துக் கணினியில் ஒத்திகை பார்ப்பதற்கு 'பேக்டெஸ்ட்' என்று பெயர். ஒத்திகை முடிந்ததாம், இனி அரங்கேற்றம்தானாம். அவனிடம் 5 லட்சம் இருக்கிறது. மீதி 5 லட்சத்தை நான் தர வேண்டும். மார்ச்சில் வேலையை விட்டுவிடுவான். கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகிறது, வீட்டுக்கடன் தவணை இன்னும் பதினெட்டு வருடம் பாக்கி.

நான் ஷேர் மார்க்கெட் ஆள் இல்லை. எல்.டி.சி.யாகச் சேர்ந்து, சூப்பரின்டென்டென்டாக ஓய்வு பெற்றவன். முப்பத்தாறு வருடம் அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்ததுதான் என் தொழில். அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஒரு தடவைக்கு எத்தனை லாட் வாங்குற?"

"கையில இருக்கிற பணத்தை ஒரு லாட்டுக்கான மார்ஜினால வகுக்கணும் பெரியப்பா. எத்தனை வருதோ அத்தனை லாட்."

இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை. அவன் ஒருவன் சொன்னது என்றால் வீட்டோடு விட்டிருப்பேன். பிறகு நான் பார்த்த வகுப்பு வீடியோக்களிலும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். 'மார்ஜின் மீது மாதம் 5 சதவீதம்' என்று விளம்பரம் செய்பவர் எல்லாரும் இந்த வகுத்தலில்தான் நிற்கிறார்கள்.

என் வயதுக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நிஃப்டி 24,000-இல் இருக்கிறது, ஒரு லாட் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாட் பியூச்சர்ஸ் வாங்கினால் நீங்கள் ஏற்றுக்கொள்வது 24,000 × 75 = 18 லட்சம் ரூபாய்ச் சரக்கு. ஆனால் 18 லட்சத்தை யாரும் கேட்பதில்லை. மார்ஜின் 12 சதவீதம் என்றால் 2,16,000 ரூபாய் வைத்தால் போதும். சரக்கு ஒரு புள்ளி ஏறினாலும் இறங்கினாலும் 75 ரூபாய் உங்கள் கணக்கில் ஏறும், இறங்கும். வைத்ததோ இரண்டு லட்சம், ஆடுவதோ பதினெட்டு லட்சம். இதைத்தான் லீவரேஜ் என்கிறார்கள்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சில் இந்த மார்ஜினுக்கு 'தெப்போ த கராந்தி' என்று பெயர், அதாவது பிணைக்காக வைக்கும் பணம். வாடகை வீட்டுக்காரரிடம் கொடுக்கும் அட்வான்சுக்கும் பிரெஞ்சில் இதே பெயர்தான். அட்வான்ஸ் கொடுத்தவன், "என்னிடம் பத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பணம் இருக்கிறது, எனவே பத்து வீட்டை வைத்துக் காப்பாற்ற எனக்கு வசதி இருக்கிறது" என்று சொன்னால் நாம் சிரிப்போம். என் தம்பி மகன் சொன்னதும் அதுதான். மார்ஜின் என்பது நீங்கள் ஏமாற்றிவிட்டு ஓடாமலிருக்க எக்ஸ்சேஞ்ச் வாங்கி வைக்கும் பிணை. அது அவர்களுடைய பாதுகாப்புக்கு. நீங்கள் எவ்வளவு தாங்குவீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

இதைப் பற்றி எனக்கு ஒரு பழைய நினைவு. கட்டுமான வேலைகளுக்கு டெண்டர் விடும் பிரிவில் சில வருடம் இருந்தேன். டெண்டர் போடுகிறவர் மதிப்பீட்டில் 2 சதவீதம் ஈ.எம்.டி. கட்ட வேண்டும். சின்ன கான்ட்ராக்டர் ஒருவர், கையில் 2 லட்சம் வைத்திருந்தவர், ஆளுக்குப் பத்து லட்சம் பெறுமான பத்து வேலைக்கு டெண்டர் போட்டார். ஒவ்வொன்றுக்கும் 20,000 ஈ.எம்.டி., கைப்பணம் முழுவதும் அதில் போயிற்று. ஒன்றிரண்டு கிடைக்கும் என்பது அவர் கணக்கு. ஆறு வேலை அவருக்கே விழுந்தது. சிமெண்ட் வாங்கக் காசில்லை, கூலிக்குக் காசில்லை, வேலை தொடங்கவில்லை, ஈ.எம்.டி. பறிமுதல். கடைசியாக ஆபீசுக்கு வந்தபோது என் மேசை முன்னால் உட்கார்ந்து, "ஆறும் கிடைச்சது சார், அதுதான் சார் என் கஷ்டம்" என்றார். டெண்டர் ஒவ்வொன்றும் சரியான விலைக்குப் போட்டதுதான். உத்தியில் தப்பில்லை, அளவில்தான் தப்பு. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்.

சரி, தம்பி மகன் கதைக்கு வருகிறேன். "இந்தக் கோடு வேண்டாம், நாள்வாரியாக ரொக்கப் புத்தகம் கொடு" என்றேன். "இதெல்லாம் எக்செல்ல இருக்கு பெரியப்பா, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றான். யாரும் பார்க்காத தாளைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் கணக்கு வாத்தியாரும் வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால், விடை சரியாக இருந்தாலும் பூஜ்யம்தான் போடுவார். பிரிண்ட் எடுத்து வரச் சொன்னேன். இரண்டு நாள் ஸ்கேலும் பென்சிலும் வைத்து வரி வரியாகப் போனேன்.

2020 மார்ச்சில் நின்றேன்.

அவன் உத்தி, விழுந்த சந்தை எழும்பத் தொடங்கும் நாளில் வாங்குவது. 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவீதம் ஏறி 8,745-இல் முடிந்தது. ப்ரோக்ராம் வாங்கியது. அன்று அதன் கைமுதல் 14 லட்சம். லாட் 75, எனவே ஒரு லாட் சரக்கு 6,55,875 ரூபாய். 12 சதவீத மார்ஜின் சுமார் 78,700. பதினான்கு லட்சத்தை அதால் வகுத்தால் 17 லாட். வாங்கிய சரக்கின் மதிப்பு 1 கோடியே 11 லட்சத்துச் சொச்சம். அது 12.6 சதவீதம் விழுந்தால் கைமுதல் காலி.

ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. திங்கள் 23-ஆம் தேதி நிஃப்டி திறக்கும்போதே சுமார் 800 புள்ளி கீழே திறந்தது. 10 சதவீதம் விழுந்ததும் 45 நிமிடம் வர்த்தகத்தை நிறுத்தினார்கள். மறுபடி திறந்து மறுபடி விழுந்தது. 7,610-இல் முடிந்தது, 12.98 சதவீத இறக்கம், 1,135 புள்ளி. பதினேழு லாட்டுக்கு நஷ்டம் 14 லட்சத்து 47 ஆயிரம்.

ரொக்கப் புத்தகத்தில் அந்த நாள் முடிவிருப்பு: மைனஸ் 47 ஆயிரம்.

அடுத்த வரியைப் பார்க்கிறேன், ப்ரோக்ராம் மறுபடி வாங்கியிருக்கிறது! 'குறைந்தது ஒரு லாட்' என்று ஒரு விதி எழுதி வைத்திருக்கிறான். கையில் காசே இல்லாத, தரகருக்கு 47 ஆயிரம் பாக்கி வைத்த ஓர் ஆள், மறுநாள் காலை ஐந்து லட்சத்துக்கு மேல் பெறுமான சரக்கை வாங்குகிறான். அதன் பிறகு சந்தை ஏறியது. அந்த ஒரு லாட் இரண்டாகி, நாலாகி, 2020-ஆம் ஆண்டு லாபத்தில் முடிகிறது. ஆண்டுவாரி அட்டவணையில் மைனஸ் எங்குமே இல்லை. அந்த 1 கோடியே 12 லட்சம் முழுவதும் செத்தவன் சம்பாதித்த பணம்.

எங்களைப் போன்ற பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதம் உயிரோடிருக்கிறோம் என்று சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பழைய சொல்தாக்களும் 'செர்த்திஃபிக்கா த வீ' என்று அதையே கொடுப்பார்கள். எழுபது வயதுக் கிழவனிடம் அரசாங்கம் கேட்கும் இந்தச் சான்றைப் பேக்டெஸ்டிடம் யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும், "இன்றைய நஷ்டம் போக உன்னிடம் உள்ள பணம், நீ வைத்திருக்கும் சரக்குக்கான மார்ஜினுக்குப் போதுமா?" என்று கேட்க வேண்டும். போதாது என்றால் அங்கேயே விற்க வேண்டும். பணம் தீர்ந்தால் கணக்கை அன்றே மூட வேண்டும், பிறகு வரும் ஏற்றம் அவனுக்குச் சொந்தமில்லை. மார்ஜினுக்குப் பேக்டெஸ்டில் இருக்க வேண்டிய வேலை இது ஒன்றுதான். எத்தனை லாட் என்று தீர்மானிப்பது அதன் வேலை இல்லை.

உண்மையில் அந்த ஆள் திங்கட்கிழமை சாயங்காலம் வரைகூடப் பிழைத்திருக்க மாட்டான். பதினேழு லாட் மார்ஜின் போக அவனிடம் மிச்சம் 62 ஆயிரம். அதை 1,275 யூனிட்டால் வகுத்தால் 49 புள்ளி. நிஃப்டி 49 புள்ளி இறங்கினாலே கூடுதல் பணம் கட்டச் சொல்லித் தரகர் கூப்பிட்டிருப்பார். நிஃப்டி 49 புள்ளி இறங்காத வாரம் உண்டா?

பேசப் பேச அவன் சொன்ன மறுப்புகளையும் எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

முதல் மறுப்பு: "ஸ்டாப்லாஸ் போட்டுட்டா போச்சு பெரியப்பா." ஸ்டாப்லாஸ் என்பது நீங்கள் எழுதி வைக்கும் விலை. அந்த விலையில் வாங்க எதிரே ஆள் இருந்தால்தான் அது நடக்கும். மார்ச் 23 காலை திறந்த விலையே 800 புள்ளி கீழே. அந்த நிமிடமே வெளியேறியிருந்தாலும் 17 லாட்டுக்கு 10 லட்சத்து 20 ஆயிரம் போயிருக்கும். பேக்டெஸ்டில் ஸ்டாப்லாஸை எழுதிய விலையிலேயே முடிந்ததாகக் காட்டுவது, டெண்டரில் நாம் கேட்ட விலையையே அரசாங்கம் கொடுத்ததாகக் கணக்கெழுதுவது போல.

இரண்டாவது: "போனா மார்ஜின்தானே போகும்." இல்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் மே மாதக் கச்சா எண்ணெய் பியூச்சர்ஸ் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. நம் எம்.சி.எக்ஸிலும் அந்த விலையைப் பின்பற்றி மைனஸ் 2,884 ரூபாய் என்று தீர்த்தார்கள். ஒரு லாட் 100 பீப்பாய். விலை பூஜ்யமானால் போட்டதெல்லாம் போயிற்று என்று நினைத்தவர்கள், அதற்கு மேலும் லாட்டுக்கு 2,88,400 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவதற்கு இது வாடகை வீடு இல்லை.

மூன்றாவது: "அதெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை." சரி, ஒரு தடவை போதாதா? 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. முந்தின நாள்தான் 3 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. எட்டு மடங்கு லீவரேஜில் 6 சதவீதம் என்றால் கைமுதலில் பாதி. பாதியை இழந்தவன் பழைய இடத்துக்கு வர, மிச்சமிருப்பதை இரட்டிப்பாக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

நான்காவது, கொஞ்சம் கோபமாகச் சொன்னது: "உங்களுக்குக் கம்ப்யூட்டர் மாடல் பத்தி என்ன தெரியும்?" எனக்குத் தெரியாது. ஆனால் 1998-இல் அமெரிக்காவில் லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதன் பங்குதாரர்களில் இருவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் பொருளாதார நோபல் வாங்கியவர்கள். கைமுதலைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் கடனில் வாங்கி வைத்திருந்தார்கள். கடைசியில் 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு அதைத் தாங்க வேண்டியதாயிற்று. விலை ஒருநாள் தாங்கள் நினைத்த பக்கம் திரும்பும் என்று அவர்கள் நம்பினார்கள். திரும்பும்வரை உயிரோடிருக்கக் கையில் பணம் இல்லை.

குறை சொல்வதோடு நிறுத்தினால் நியாயமில்லை. எப்படிப் போட வேண்டும் என்று என் அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தடவை தப்பினால் எவ்வளவு இழக்கத் தயார் என்று எழுதுங்கள். 10 லட்சத்தில் 2 சதவீதம், 20,000 ரூபாய் என்று வையுங்கள். பிறகு எத்தனை புள்ளி எதிரே போனால் வெளியே வருவீர்கள் என்று எழுதுங்கள். 300 புள்ளி என்றால் ஒரு லாட்டுக்கு 300 × 75 = 22,500. இருபதாயிரத்தை இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறால் வகுத்தால் 0.89 லாட். கணினி இந்த 0.89-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு அழகாகக் கோடு போடும், இல்லையென்றால் ஒன்றாக்கிவிடும். எக்ஸ்சேஞ்சில் முக்கால் லாட், அரை லாட் கிடையாது. கீழ்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். அப்போது விடை பூஜ்யம். பூஜ்யமும் ஒரு விடைதான். இந்தப் பணத்துக்கு இந்தச் சரக்கு பெரியது என்று அர்த்தம்.

அடுத்து, அந்த அளவைச் சோதிக்க மோசமான நாளை வைத்துப் பாருங்கள். 24,000-இல் நான்கு லாட் வைத்தவனுக்கு 13 சதவீத இறக்கம் வந்தால் 9,36,000 ரூபாய் நஷ்டம், பத்து லட்சத்தில் மிஞ்சுவது 64 ஆயிரம். ஒரு லாட் வைத்தவனுக்கு 2,34,000. அடிதான், ஆனால் ஆள் இருக்கிறான்.

மூன்றாவதாக, மார்ஜினை நிலையான எண்ணாக எழுதாதீர்கள். அது சந்தையின் ஆட்டத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆட்டம் கூடினால் மார்ஜினும் கூடும், அதாவது உங்களிடம் பணம் குறையும் அதே வாரத்தில்தான் அவர்கள் அதிகம் கேட்பார்கள். 2020 மார்ச்சுக்கும் 12 சதவீதமே போட்டிருந்தான் இவன். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏற்றிப் போட்டுப் பாருங்கள். லாட்டும் அப்படித்தான். நிஃப்டி லாட் 2021-இல் 75-லிருந்து 50 ஆனது, 2024-இல் 25 ஆகி, செபி குறைந்தபட்ச ஒப்பந்த மதிப்பை 15 லட்சமாக்கியதால் அதே ஆண்டு மறுபடி 75 ஆனது. இன்றைய லாட்டைப் பழைய வருடங்களுக்கும் போட்டால், அன்று யாரும் செய்திருக்க முடியாத வியாபாரத்துக்குக் கணக்கு எழுதுகிறீர்கள்.

கடைசியாக, முதல் ஒத்திகையில் லாபத்தைத் திரும்பப் போடாதீர்கள். ஆறு வருடமும் ஒரே லாட்டில் ஓட்டுங்கள். அதில் வருவதுதான் உத்தியின் சம்பாத்தியம். அதற்குமேல் வருவது வட்டிக்கு வட்டி காட்டும் வேடிக்கை.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'மார்ஜின் மீது இத்தனை சதவீதம்' என்று போடுகிற இடத்திலேயே சரக்கின் முழு மதிப்பையும், ஒத்திகைக் காலத்தில் கைமுதல் இறங்கிய அடிமட்டத்தையும் போடுங்கள். இரண்டு எண்தான். ஏன் போடுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவர்களில் எத்தனை பேர் கையில் அழகான கோட்டுப் படம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

தம்பி மகன் அன்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டான். ஒரு மாதம் போன் இல்லை. பொங்கலுக்கு வந்தான். நான் சொன்ன மாதிரி மாற்றி எழுதி ஓட்டிப் பார்த்தானாம். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பெரியப்பா, இது இப்பல்லாம் ஒண்ணுமே வாங்க மாட்டேங்குது. பூஜ்யம் பூஜ்யம்னே வருது" என்றான்.

"சரியா ஓடுதுன்னு அர்த்தம்" என்றேன்.

வேலையில் இருக்கிறான். என் 5 லட்சம் பேங்கில் இருக்கிறது.